பிரட்டுக்களத்தில் கேட்கும் காது

அதிகாலையில் ஹட்டன் பகுதித் தோட்டமொன்றின் பிரட்டுக்களத்தில் நின்று பாருங்கள். இன்று எந்த மலையில் கொழுந்து, யாருக்கு என்ன வேலை என்று சொல்லப்படும். பெயர் பதிவாகும். பெண்கள் மலையேறிவிடுவார்கள். சொல் மேலிருந்து கீழே வருகிறது. கீழிருந்து மேலே போகும் சொல்லுக்கு அங்கே இடம் உண்டா?

கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குத் தெரிந்தவை பல. எந்த மரத்தில் குளவி கூடு கட்டியிருக்கிறது, எந்தப் பாதை மழையில் வழுக்கும், எந்த மலையில் கொழுந்து முற்றத் தொடங்கிவிட்டது என்பதெல்லாம் தோட்ட ஆபீசுக்கு முன்பே அவருக்குத் தெரியும். குளவி கொட்டித் தொழிலாளர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லப்படுவதும், சிலர் உயிரிழப்பதும் மலையகத்தில் அடிக்கடி கேட்கும் செய்தியாகும். “அந்த மலையில குளவிக்கூடு இருக்குதுங்க துரை” என்ற சொல்லைக் கேட்டு, கூட்டை அகற்றும்வரை ஆட்களை வேறு மலைக்கு அனுப்பும் துரைக்கு ஒருநாள் கொழுந்து குறையலாம். ஆனால் ஓர் உயிர் தப்புகிறது.

கேட்க மறுத்ததன் விலையையும் மலையகம் அறியும். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கோரித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். போராட்டம் மற்றத் தோட்டங்களுக்கும் பரவியது. அதே ஆண்டில் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் ஏழு அம்ச உடன்படிக்கை செய்துகொண்டனர். சங்கம் அமைக்கும் உரிமை அதில் ஏற்கப்பட்டது. பேசித் தீர்க்கும் வழி எழுத்தில் வந்தது, உயிர் போன பின்புதான்.

காது கொடுப்பது என்றால் தலையாட்டுவது அல்ல. குறை சொன்னவரைப் பழிவாங்காதிருக்க வேண்டும். முடியுமா முடியாதா என்று காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். கங்காணியிடமும் தலைவரிடமும் மட்டுமன்றி, பறிக்கும் பெண்களிடமே நேரில் கேட்க வேண்டும்.

சொந்த நிலத்தை விட்டு வந்த நம்மில் பலர் இன்று பிறரிடம் கூலிக்குப் போகிறோம். நம் சொல்லைக் கேட்க யாருமில்லையே என்று வருந்துகிறோம். ஆனால் நம் சங்கங்களில் தலைவராகவும் பொருளாளராகவும் இருக்கும்போது நாம் கேட்கிறோமா? கிணறு எங்கே வெட்டுவது என்று தீர்மானிக்குமுன், தினமும் தண்ணீர் சுமக்கும் பெண்ணிடம் கேட்டோமா?

சீரியப் படைத்தலைவன் நாகமானின் கதை நாம் அறிந்ததே. எலிசாவிடம் போகும் வழியைக் காட்டியவள், சொந்த மண்ணிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட ஒரு சிறு பணிப்பெண். யோர்தானில் முழுக மறுத்துக் கோபத்தோடு திரும்பியவனை மனம் மாற்றியவர்களும் அவனுடைய ஊழியக்காரரே. பெரியவன் கேட்டான், குஷ்டம் நீங்கியது.

அடுத்த சங்கக் கூட்டத்தில், கடைசி வரிசையில் பேசாமல் இருப்பவரை முதலில் பேசச் சொல்லுங்கள்.