கணக்கும் இனிக்கிறது, ஓட்டமும் இனிக்கிறது!

எதை வாங்கினாலும் முதலில் கணக்குப் பார்ப்பது வணிகர்களாகிய நம் வழக்கம். சிக்கனமான மின்சாரக் காரில் கணக்கோடு ஓட்டும் சுகமும் சேர்ந்து வருகிறது.

டாடாவின் டியாகோ மின்சாரக் கார் 2022 செப்டம்பரில் 8.49 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் அறிமுகமானது. இதில் கிளட்ச் இல்லை. கியர் மாற்றும் வேலையும் இல்லை. மிதித்தவுடன் மோட்டார் முழு இழுவையோடு கிளம்பும். கடைவீதி நெரிசலில் நின்று நின்று போகும் நமக்கு இடது கால் வலி மிச்சம். நிற்கும்போது எஞ்சின் உறுமலும் அதிர்வும் கிடையாது. வேகம் குறையும்போது சிறிதளவு மின்சாரம் பேட்டரிக்கே திரும்புகிறது.

இனி கணக்குக்கு வருவோம். இதன் பெரிய பேட்டரி 24 யூனிட் கொள்ளும். சார்ஜ் ஆகையில் வீணாவதையும் சேர்த்து 27 யூனிட், யூனிட் 8 ரூபாய், ஓட்டம் 200 கிலோமீட்டர் என வைத்தால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 8 காசு. லிட்டர் 100 ரூபாய் பெட்ரோலில் 15 கிலோமீட்டர் ஓடும் காருக்கோ 6 ரூபாய் 67 காசு.

அறிமுகத்தின்போது நிறுவனம் சொன்ன ஓட்டம் 315 கிலோமீட்டர். ஏசி, பாரம், வேகம் கூடினால் அது குறையும். எனவே முன்பணம் கட்டுமுன் இரண்டைப் பார்ப்போம்: இரவில் வண்டி நிற்கும் இடத்தில் 15 ஆம்பியர் பிளக் உண்டா? வெளியூர்க் கொள்முதலுக்கு அடிக்கடி நெடுந்தூரம் போகிறோமா?

கடை, கிடங்கு, வங்கி என்று ஊருக்குள் சுற்றுபவர்களுக்கு இது ஏற்ற வண்டி. நெடுந்தூரப் பயணமே தொழிலானவர்கள் சற்றுப் பொறுத்து முடிவு செய்வது நலம்.