புலியைத் தேடிப் புறப்படுமுன்

உதகமண்டலத்திலிருந்து கூடலூருக்குப் போகும் சாலையில் நடுவட்டம் வந்ததும் மலை சரியத் தொடங்குகிறது. ஒரு காலத்தில் சீனக் கைதிகளைக் கொண்டு சின்கோனா பயிரிட்ட ஊர் இது. இன்று எங்கு நோக்கினும் தேயிலை. அதற்குக் கீழே முதுமலைக் காடு பச்சைக் கம்பளம் போல் விரிந்து கிடக்கிறது. பார்க்க ரம்மியமான காட்சிதான். ஆனால், அந்தக் கம்பளத்துக்குள் புலியும் வாசம் செய்கிறது என்பதை விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் மறப்பதில்லை.

துரைமார்கள் இந்த மலைகளில் வேட்டையை ஒரு பொழுதுபோக்காகவே நடத்தினார்கள். 1877-ல் வேட்டைச் சங்கம் கண்டார்கள். 1879-ல் அதற்கென்று சட்டமும் செய்துகொண்டார்கள். மானுக்குப் பருவமும் லைசென்ஸும் உண்டு. புலித் தலைக்கோ இனாம்! படத்தில் துரை கம்பீரமாக நிற்பார். காலடியில் புலி கிடக்கும். தடம் கண்டு வழி காட்டிய குறும்பரின் பெயரை மட்டும் காண முடியாது.

அந்த வேட்டை 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்தது. ஆயினும், மனித உயிருக்கு ஆபத்து நேரும்போது தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்து மூலம் உத்தரவிடலாம். வேடிக்கை என்னவென்றால், உயிரோடு பிடிப்பதும் இந்தச் சட்டத்தின்படி ‘வேட்டை’தான். இன்று நியாயமாகப் புலி வேட்டைக்குப் புறப்படுகிறவர்கள் வனத்துறை ஊழியர்களும் கால்நடை வைத்தியர்களுமே.

இத்தகைய வேட்டைக்கு முதல் முறையாகப் போகிறவர் எதைச் சித்தம் செய்துகொள்ள வேண்டும்? துப்பாக்கியை என்று நினைப்போம். அது கடைசி விஷயம். 1907-ல் சம்பாவத்துப் புலியைத் தேடிச் சென்ற ஜிம் கார்பெட் அதற்கு முன் ஆட்கொல்லி எதையும் சுட்டவரல்லர். 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட அந்தப் புலியிடம் போகுமுன் அவர் விதித்த நிபந்தனைகள் இரண்டு: இனாம் அறிவிப்பை ரத்துச் செய்ய வேண்டும், மற்ற வேட்டைக்காரர்களைத் திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டும். பணத்தாசையும் கூட்டமும் இருக்கும் காட்டில் புலியைவிடத் தோட்டாவுக்கே அதிகம் அஞ்ச வேண்டும் அல்லவா?

அடுத்தது அடையாளம். மனிதனின் கைரேகையைப் போல் புலிக்குப் புலி வரிகள் வேறுபடும். காட்டுப் பாதையில் கட்டிய காமிராக்களின் படங்களைப் பார்த்து, ‘குற்றவாளி இதுதான்’ என்று நிச்சயித்த பிறகே கை ஓங்கலாம். தவறான புலி விழுந்தால் ஒரு நிரபராதி மடிவதோடு, கொன்ற புலியும் ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, மயக்க மருந்து. எடையை உத்தேசித்து அளவை நிர்ணயிக்க வேண்டும். அதிகமானால் மூச்சு நிற்கும். குறைந்தால் புலி விழித்துக்கொள்ளும். ஊசி தொடையிலோ தோளிலோ தசைப்பற்றான இடத்தில் பாய வேண்டும். பாய்ந்த பிறகும் மருந்து ஏறச் சில நிமிஷங்கள் பிடிக்கும். அதற்குள் புலி எந்தப் புதரில் மறைந்தது என்று சொல்ல, அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த ஆதிவாசியின் கண் வேண்டும்.

இவையெல்லாம் 2021-ல் சோதனைக்கு வந்தன. கூடலூர், மசினகுடி வட்டாரங்களில் 4 பேரைக் கொன்றதாகக் கருதப்பட்ட ‘எம்.டி.டி.23’ என்ற புலியை வேட்டையாட அக்டோபர் முதல் தேதி உத்தரவு பிறந்தது. உடனே கொன்றுவிட வேண்டாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். கும்கி யானைகளும், மோப்ப நாய்களும், பறக்கும் காமிராக்களும் உண்ணிப் புதர்களைச் சல்லடை போட்டன. 14-ந் தேதி இரவு ஊசி பட்டும் புலி இருளில் நழுவிவிட்டது. மறுநாள் பகலில் மீண்டும் தேடி உயிரோடு பிடித்து, மைசூருக்கு அனுப்பினார்கள். சுமார் மூன்று வார உழைப்பு!

எல்லா முறையும் இப்படி முடிவதில்லை. 2014 ஜனவரியில் தொட்டபெட்டா பக்கத்தில் 3 பேரைக் கொன்ற புலியைச் சுட நேர்ந்தது. உறவினரைப் பறிகொடுத்தவர்கள், “புலிக்கு இத்தனை தயவா?” என்று கேட்டால் அதைக் குற்றமென்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அவர்களுக்கு நாம் சொல்லக்கூடிய பதில் ஒன்றே: தாமதமின்றித் தேடத் தொடங்குவது. ஊசியும் வலையும் யானையும் ஆளும் முன்னதாகவே சித்தமாயிருந்தால், புலியும் பிழைக்கலாம். அதைவிட முக்கியமாக, கொழுந்துக் கூடையோடு போனவள் மாலையில் வீடு திரும்பலாம்.