தலைமேல் ஒரு ரகசியம்

ரோமாபுரியின் ஜூலியஸ் ஸீஸர் தேசங்கள் பலவற்றை வென்றார். தம் தலையின் வழுக்கையை மட்டும் அவரால் வெல்ல முடியவில்லை. எஞ்சியிருந்த கேசத்தைப் பின்னாலிருந்து முன்னால் வாரிவிட்டுக்கொள்வாராம். ஸெனட் சபை அவருக்கு அளித்த மரியாதைகளுக்குள், எக்காலமும் லாரல் இலைமாலையைத் தலையில் சூடிக்கொள்ளும் உரிமையையே அவர் மிகவும் விரும்பினார் என்று சரித்திராசிரியர் ஸ்வெட்டோனியஸ் எழுதி வைத்திருக்கிறார். அந்த மாலையின் மகிமை, அது குறித்த வெற்றியில் பாதி. அது மறைத்த இடத்தில் பாதி!

ஸீஸருக்குக் கிட்டாத வசதி நம் காலத்தவருக்குக் கிட்டியிருக்கிறது. 1939-ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்து வைத்தியர் ஒக்குடா, முடி வளரும் தோலைச் சிறு வட்டங்களாக எடுத்து முடியற்ற இடத்தில் பதிக்கலாம் என்று எழுதினார். நியூயார்க் நகரத்துத் தோல் வைத்தியர் நார்மன் ஓரன்ட்ரைக் 1952-இல் வழுக்கைத் தலையிலேயே இதனைச் செய்து பார்த்தார். பின்மண்டையின் முடியை முன்நெற்றிக்கு மேல் நட்டாலும், அது பிறந்த இடத்தின் குணத்தை விடாது என்பதை 1959-இல் அவர் வெளியிட்டார். வழுக்கை விழுந்தவருக்கும் பின்மண்டையில் முடி நிலைத்திருக்கிறதல்லவா? அந்த உறுதியான முடியைத்தான் இடம் மாற்றி நடுகிறார்கள். இப்போது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துளையிட்டு, ஒவ்வொரு வேராக எடுத்து, ஒரே அமர்வில் ஆயிரக்கணக்கில் நட்டுவிடுகிறார்கள்.

துருக்கி தேசத்து இஸ்தான்புல் நகரம் இன்று இந்தச் சிகிச்சைக்கு உலகப் பிரசித்தி பெற்றது. அந்நகரத்து விமான நிலையத்தில், நெற்றியில் கறுப்புப் பட்டை கட்டி, மழித்த தலையில் செம்புள்ளிகள் தெரிய உட்கார்ந்திருக்கும் ஆடவர் பலரைக் காணலாம். அங்கே ஒருவரைக் கண்டு ஒருவர் நாணுவதில்லை. ஒரே தலத்துக்கு நேர்ந்துகொண்டு வந்த யாத்திரிகர்களைப்போல் காணப்படுவார்கள். நாணமெல்லாம் விமானம் சொந்த ஊரில் இறங்கிய பிறகுதான் ஆரம்பமாகிறது.

அந்த நாணத்தை நாம் பரிகசிக்கப் போவதில்லை. தம் தலையில் என்ன செய்துகொண்டார் என்பதை ஊரறியச் சொல்ல வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. ஆனால், எதை, எத்தனை நாள், யாரிடமிருந்து மறைக்கலாம் என்பதை அறிந்து மறைக்க வேண்டும்.

முதல் வாரமே மிகவும் கடினமானது. நட்ட வேர்கள் பிடிக்கும்வரை தலையில் எதுவும் உராயக் கூடாது. தலையணைகளை அடுக்கி, பாதி சாய்ந்தபடி மல்லாந்து உறங்க வேண்டும். தலைவழியே மாட்டும் பனியனும் ஜிப்பாவும் ஆகா. முன்புறம் பொத்தான் வைத்த சட்டையே உசிதம். இரண்டாம், மூன்றாம் நாளில் நெற்றி வீங்கி, வீக்கம் கண்களைச் சுற்றி இறங்குவதுண்டு. கண்ணாடியைப் பார்ப்பவர் திடுக்கிடுவார். சாதாரணமாகச் சில நாட்களில் அது வடிந்துவிடும். ஒவ்வொரு வேரின் மேலும் சிறு பொருக்குக் கட்டும். அரிப்பெடுத்தாலும் நகம் படலாகாது. வைத்தியர் சொன்ன முறைப்படி கழுவி வந்தால் 10 நாட்கள் முதல் இரண்டு வாரங்களுக்குள் உதிர்ந்துவிடும். தொப்பி போட்டு மறைக்கலாமே என்றால், முதல் சில நாட்களுக்கு அதுவும் கூடாது. வைத்தியர் அனுமதித்த பிறகு, தளர்ந்ததாகப் பார்த்து அணியலாம். ஆகவே, ரகசியம் காக்க விரும்புவோர் இரண்டு வாரம் விடுமுறை எடுப்பதே சிலாக்கியம்.

தமிழ்நாட்டாருக்கு வேறொரு சௌகரியமும் உண்டு. மொட்டைத் தலையைக் கண்டால் நம்மவர் காரணம் கேட்பதில்லை. "பழனியா, திருப்பதியா?" என்று மட்டுமே கேட்பார்கள். "பழனி" என்று சொல்லித் தப்பிவிடலாம் என்று எண்ணுவோர், அடுத்த கேள்வி "பஞ்சாமிர்தம் எங்கே?" என்பதாக இருக்கும் என்பதை மறக்கலாகாது!

இரண்டு வாரத்துக்குப் பின் ஒரு சோதனை வருகிறது. பிடித்துவிட்டது என்று மகிழ்ந்திருக்கும்போது, நட்ட முடி கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்கும். பணமும் போயிற்று, முடியும் போயிற்று என்று கலங்குவார்கள். கலங்க வேண்டியதில்லை; உதிர்வது இழைதான், வேர் தோலுக்கடியில் உறங்குகிறது. மூன்று நான்கு மாதங்களில் மெல்லிய முளை தலைகாட்டும். முழுப் பலனைக் காண ஓராண்டு ஆகும். இந்த மெதுவான வளர்ச்சியே ரகசியத்துக்கு உற்ற துணை. நாள்தோறும் பார்ப்பவர்களுக்கு மாறுதல் தெரிவதில்லை.

இனி, மறைக்கக் கூடாத விஷயத்தைச் சொல்லவேண்டும். ரகசியத்தை நாடுவோர், பெயர்ப்பலகை பெரிதாக இல்லாத இடத்தையும், கேள்வி கேட்காத ஆட்களையும், குறைந்த கட்டணத்தையும் தேடிப் போவதுண்டு. 2016-ஆம் ஆண்டில் சென்னையில் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அவ்விடம் பெற்றிருந்த உரிமம், முடி திருத்தும் நிலையத்துக்குரியது என்ற செய்தி பின்னர் வெளிவந்தது. தக்க பயிற்சி பெற்ற வைத்தியர்களே இதனைச் செய்ய வேண்டும் என்றும், யூடியூப் காட்சிகளைப் பார்த்துக் கற்பது பயிற்சியாகாது என்றும் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவுறுத்தியது. தலைமயிர் சிறு விஷயமாயினும், மரப்பு மருந்தும் கத்தியும் சிறு விஷயங்கள் அல்ல.

ஆகவே, சிகிச்சைக்கு முன் வைத்தியரிடம் தம் நோய்களையும், உண்ணும் மருந்துகளையும், புகைபிடிக்கும் வழக்கத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். வீட்டில் மனைவியோ, தாயாரோ, உடன்பிறந்தவரோ ஒருவருக்காவது உண்மை தெரிந்திருக்க வேண்டும். மூடிய அறைக்குள் தனியே படுத்திருப்பவருக்குக் காய்ச்சல் ஏறினாலும், வலி தணியாமல் வளர்ந்தாலும், சீழ் கண்டாலும், மூச்சுத் திணறினாலும், "வைத்தியரிடம் போவோம், எழுந்திரு" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். முடி உதிரும் அந்த மூன்றாவது வாரத்தில், "பொறு, வளரும்" என்று சொல்லவும் அதே ஆள் உதவுவார்.

ஊருக்குத் தெரியாமல் ஒரு காரியத்தைச் செய்வதில் தவறில்லை. ஸீஸரின் மாலையும் ஊருக்காகத்தான்; இரவில் அதனைக் கழற்றி வைத்தபோது அவர் வீட்டாருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கும்.