சிவப்புக் கோட்டில் இருக்கும் தங்கம்

கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்துவிட்டு, கிட்டில் ‘சி’, ‘டி’ எழுத்துகளுக்கு எதிரே கோடு விழுகிறதா என்று கால் மணி நேரம் காத்திருந்தவர்கள் ஏராளம். பல கிட்டுகளில் அந்தச் சிவப்புக் கோடு சாயத்தால் வந்ததல்ல. அது தங்கம்!

நகைக்கடையில் மஞ்சளாக மின்னும் தங்கத்தை சுமார் 40 நானோமீட்டர் அளவுக்குப் பொடியாக்கி நீரில் மிதக்கவிட்டால் நிறமே மாறிவிடும். அந்த அளவில் தங்கத்தின் எலெக்ட்ரான்கள் பச்சை ஒளியை விழுங்கிக்கொள்ள, கண்ணுக்கு எட்டுவது சிவப்பு. மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இந்தச் செந்நீரைத் தயாரித்து ஆராய்ந்தார். அவருடைய குப்பிகள் இன்றும் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இருக்கின்றன.

இந்தத் தங்கம் கோடாக மாறுவது எப்படி? மலேரியா கிட்டை எடுத்துக்கொள்வோம். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி ரத்தம், அதன்மேல் சில சொட்டுக் கரைசல். ஈரம் கிட்டுக்குள் இருக்கும் பட்டையில் ஊறிச் செல்லும் வழியில், தங்கத் துகள்களில் ஒட்டிக் காயவைத்த ஆன்டிபாடிகள் கரைந்து கூடவே கிளம்புகின்றன. ரத்தத்தில் ஹெச்.ஆர்.பி.2 என்ற மலேரியாப் புரதம் இருந்தால் அதை அவை பற்றிக்கொள்ளும். ‘டி’ கோட்டில் காத்திருக்கும் இன்னொரு ஆன்டிபாடி, அந்தப் புரதத்தைத் தங்கத்தோடு சேர்த்துப் பிடித்து நிறுத்தும். ஆயிரமாயிரம் துகள்கள் ஒரே இடத்தில் குவிய, கோடு தெரிகிறது. ‘சி’ கோடு விழாவிட்டால் பரிசோதனையே செல்லாது. முடிவை நம்பக் கூடாது.

மின்சாரமும் மைக்ராஸ்கோப்பும் இல்லாத ஆப்பிரிக்கக் கிராமங்களில், காய்ச்சலில் துவளும் குழந்தைக்கு அங்கேயே மலேரியாவைக் கண்டுபிடித்து மருந்து கொடுக்க முடிவது இதனால்தான். நானோ தொழில்நுட்பம் மருத்துவத்துக்குச் செய்த மிகப் பெரிய உதவிகளில் ஒன்று இந்த எளிய பட்டை என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால், பட்டைக்கு எதைத் தேடக் கற்றுக்கொடுத்தோமோ அதை மட்டுமே அது தேடும். ஹெச்.ஆர்.பி.2 புரதத்துக்கான மரபணுவையே இழந்துவிட்ட மலேரியாக் கிருமிகள் பெருவின் அமேசான் பகுதியில் இருப்பது 2010-ல் தெரியவந்தது. பிறகு எரித்ரியாவிலும் சிக்கல் வெடித்தது. மைக்ராஸ்கோப்பில் கிருமி தெரிந்த நோயாளிகளுக்குக்கூடப் பட்டையில் கோடு விழவில்லை. உயிரைப் பறிக்கக்கூடிய தவறு இது. 2016-ல் அந்த நாடு கிட்டையே மாற்றியது.

இத்தகைய கிருமிகளால் பட்டைக்குத் தப்பும் நோயாளிகள் 5 சதவீதத்தைத் தாண்டினால் வேறு கிட்டுக்கு மாறும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாற்றுக் கிட்டுகள் தேடுவது, கிருமி தனக்கான சக்தியைத் தயாரிக்கப் பயன்படுத்தும் எல்.டி.ஹெச் என்ற நொதியை. அதை இழந்துவிட்டு அந்தக் கிருமியால் பிழைத்திருப்பது கடினம்.