கூட்டிலிருந்து விழுந்த புறாக் குஞ்சு: இரக்கம் மட்டும் போதாது

நுவரெலியாவிலிருந்து ஹக்கலை நோக்கிச் செல்லும் பக்கத்தில் உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். 2025 மார்ச், ரமழானின் முதல் வாரம். காலைக் கூட்டம் முடிந்து வகுப்புக்குப் போகும்போது தரம் 8 மாணவன் ஒருவன் சட்டையின் முன்பக்கத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"சேர், காக்கா கொத்திக்கிட்டு இருந்திச்சு. வெரட்டிட்டுத் தூக்கிட்டு வந்தேன்."

சட்டைக்குள் ஒரு புறாக் குஞ்சு. இறக்கையில் இறகு முளைத்திருந்தது. தலையில் மட்டும் மஞ்சள் நூல் போன்ற குஞ்சு மயிர். வலது தோளில் காயம், அந்தப் பக்கத்து இறக்கை தொங்கியது. கால்கள் பனிபோல் குளிர்ந்திருந்தன.

எனக்கு முதலில் வந்தது பயம். காரணம், அதற்கு 2 வருடங்களுக்கு முன்னர் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து பிள்ளைகள் ஒரு மணிப்புறாக் குஞ்சைக் கொண்டுவந்திருந்தார்கள். பசியாக இருக்கும் என்று நினைத்து, பிஸ்கட்டைப் பாலில் கரைத்து சொட்டுக் குழாயால் அதன் வாயில் விட்டேன். அது இருமுவது போல் தலையை உதறியது. அன்றிரவே செத்துவிட்டது. "விதி" என்று பிள்ளைகளைச் சமாதானப்படுத்தினேன். பின்னர் பறவைகளைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் உண்மை புரிந்தது. நான் ஊட்டியதில்தான் அது செத்திருக்கிறது. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, 20 வருடமாக உயிரினங்களைப் பற்றிப் பாடம் எடுக்கும் எனக்கு ஒரு குஞ்சுக்கு உணவூட்டத் தெரியவில்லை. என் கையால் நடந்த தவறு இன்னொருவர் கையால் நடக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு முட்டைப் புறா

இந்த முறை வந்தது மணிப்புறா அல்ல. இலங்கை மரப்புறா. சிங்களத்தில் மயில கொயா என்பார்கள். உலகில் நமது நாட்டில் மட்டுமே, அதிலும் பெரும்பாலும் மலைநாட்டில் வாழும் புறா இது. வளர்ந்த பறவை சுமார் 36 சென்ரிமீற்றர் நீளம். பின்கழுத்தில் சதுரங்கப் பலகை போல் கறுப்பு வெள்ளைக் கட்டம் இருக்கும். காட்டுப் பழங்கள்தான் இதன் பிரதான உணவு. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் பாதிக்கப்படக்கூடிய இனமாக இது சேர்க்கப்பட்டிருக்கிறது.

இதன் விஞ்ஞானப் பெயரில் டொரிங்டன் என்ற பெயர் இருக்கிறது. டொரிங்டன் பிரபு 1847 முதல் 1850 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தவர். அந்தக் காலத்தில்தான் கோப்பிக்காக மலைக்காடுகள் வேகமாக வெட்டப்பட்டன. 1869இல் கோப்பியை இலைநோய் தாக்கிய பின்னர் அந்த மலைகள் தேயிலைக்குப் போயின. இன்று தோட்டங்களுக்கு இடையே எஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகள்தான் இந்தப் புறாவின் வீடு.

மணிப்புறா ஒரு முறையில் 2 முட்டை இடும். மரப்புறா பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். ஆகவே ஒரு குஞ்சு செத்தால் அந்தச் சோடியின் அந்த முறை உழைப்பு முழுவதும் போய்விடுகிறது.

முதல் கேள்வி: இதற்கு உதவி தேவையா?

அபூதாவூத் கிரந்தத்தில் வரும் ஒரு சம்பவம் நம்மில் பலருக்குத் தெரியும். ஒரு பயணத்தில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் 2 குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப் பறவை மேலே தவித்துச் சுற்றியது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் தாயிடம் திருப்பிக் கொடுத்துவிடும்படி கட்டளையிட்டார்கள்.

இதை ஜும்ஆ பயான்களில் இரக்கத்துக்கு உதாரணமாகப் பல தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் அதில் உள்ள செயல் என்ன என்பதை யோசித்ததில்லை. எடுத்து வளருங்கள் என்று அங்கே சொல்லப்படவில்லை. திருப்பிக் கொடுங்கள் என்றுதான் சொல்லப்பட்டது. பறவைகளைப் பராமரிப்பவர்கள் சொல்லும் முதல் விதியும் அதுதான்.

இறகு முழுமையாக முளைத்து, காயமில்லாமல், தத்தித் தத்தித் திரியும் குஞ்சு பறக்கப் பழகிக்கொண்டிருக்கிறது. தாயும் தந்தையும் பக்கத்தில்தான் இருக்கும். பூனை, நாய் எட்டாத ஒரு கிளையில் வைத்துவிட்டு நாம் விலகிவிட வேண்டும். இறகு முளைக்காத குஞ்சு காயமில்லாமல் விழுந்திருந்தால் கூட்டில் திரும்ப வைக்கலாம். கூடு சிதைந்திருந்தால் ஒரு சிறிய கூடையில் சுள்ளி பரப்பி அதே மரத்தில் கட்டிவிட்டு, தூரத்தில் நின்று 2 மணித்தியாலம் பார்க்க வேண்டும். மனிதன் தொட்ட குஞ்சைத் தாய் ஏற்காது என்பது உண்மையல்ல.

இரத்தம், தொங்கும் இறக்கை, குளிர்ந்த உடல், பூனையின் பல் அல்லது நகம் பட்ட அடையாளம், இவற்றில் ஒன்று இருந்தால் மட்டுமே குஞ்சை நாம் கையில் எடுக்க வேண்டும். நமது குஞ்சுக்குக் காயமும் இருந்தது, குளிரும் இருந்தது.

முதலில் சூடு, பிறகுதான் உணவு

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மார்ச்சில் இரவு வெப்பநிலை 10 பாகை அளவுக்கு இறங்கும். புறாவின் உடல் வெப்பமோ 41 பாகை அளவில் இருக்க வேண்டும். உடல் குளிர்ந்த பறவைக்குச் சமிபாடு நின்றுவிடும். அந்த நேரத்தில் ஊட்டினால், கழுத்தின் அடியில் உள்ள தீனிப்பையிலேயே உணவு புளித்துக் கெட்டுவிடும்.

காற்றோட்டத்துக்குத் துளையிட்ட ஒரு சப்பாத்துப் பெட்டி போதும். அடியில் பழைய துணி. ஒரு போத்தலில் சுடுநீர் நிரப்பி, துவாயால் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டும். சூடு அதிகமானால் குஞ்சு மறுபக்கம் நகர இடம் இருக்க வேண்டும். பெட்டியை மூடி, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். தடவிக் கொடுப்பது நமக்கு அன்பு, அதற்குப் பயங்கரம்.

காயத்தைக் கொதித்து ஆறிய உப்புநீரால் மட்டும் கழுவினேன். எண்ணெயும் எண்ணெய்ப் பசையுள்ள களிம்பும் இறகை ஒட்டவைத்துவிடும், பூசக்கூடாது. பாடசாலை விட்டதும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். எலும்பு முறியவில்லை, தசையில்தான் காயம் என்று சொல்லி, நிறை பார்த்து மருந்து கொடுத்தார். மனிதர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது ஆபத்து. பூனை கடித்த காயமென்றால், அது சிறியதாகத் தெரிந்தாலும், 24 மணித்தியாலத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவை. பூனையின் வாயில் உள்ள பக்டீரியா பறவையை மிக வேகமாகக் கொன்றுவிடும்.

ஊட்டும் முறை

புறாக்கள் தம் குஞ்சுக்குப் பால் கொடுக்கின்றன என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். உண்மைதான். தீனிப்பையின் உட்சுவரில் சுரக்கும், கொழுப்பும் புரதமும் நிறைந்த கட்டியான பொருளைத்தான் முதல் நாட்களில் குஞ்சுகளுக்குக் கொடுக்கின்றன. தாய் மட்டுமல்ல, தந்தையும் கொடுக்கும். ஆனால் அதற்கும் பசுப்பாலுக்கும் சம்பந்தமில்லை. பசுப்பாலில் உள்ள சீனியைப் பறவையால் சமிக்க முடியாது. பாலும் பாணும் பிஸ்கட்டும் கூடவே கூடாது.

இன்னொரு விடயம் இதைவிட முக்கியம். பறவையின் மூச்சுக்குழாய் வாசல் நாக்கின் அடிப்பக்கத்தில் திறந்திருக்கிறது. வாயில் சொட்டாக விடும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகலாம். எனது முதல் குஞ்சு தலையை உதறியது அதனால்தான். கோழி போல் தலையை நிமிர்த்திக் குடிக்காமல், சொண்டைத் தண்ணீரில் வைத்து உறிஞ்சிக் குடிப்பது புறாவின் இயல்பு. ஆகவே ஒரு போத்தல் மூடியில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, மூக்குத் துளை நனையாமல் சொண்டின் நுனியை மட்டும் தொடவைத்தேன். 2 தடவை மறுத்தது. மூன்றாம் தடவை உறிஞ்சியது. அல்ஹம்துலில்லாஹ் என்று என்னையறியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

சமூசா செய்யவென்று மனைவி வாங்கி வைத்திருந்த உறைந்த பட்டாணிதான் அதற்கு உணவானது. சுடுநீரில் போட்டு உருகவைத்து, உடல் சூட்டு அளவுக்கு ஆறவிட வேண்டும். குஞ்சைத் துணியால் தளர்வாகச் சுற்றி மடியில் வைத்து, சொண்டை மெதுவாகத் திறந்து, ஒவ்வொரு பட்டாணியாக நாக்குக்குப் பின்னால் வைத்தால் தானே விழுங்கும். முதல் வேளை 10 பட்டாணி. பிறகு படிப்படியாக 30 வரை. தீனிப்பை மெத்தென்று இருக்க வேண்டும், பந்து போல் இறுகக்கூடாது. அது வடிந்த பிறகுதான் அடுத்த வேளை. பட்டாணி கிடைக்காத இடத்தில் இரவு முழுவதும் ஊறவைத்த கடலை அல்லது பாசிப்பயறு கொடுக்கலாம். கண் திறக்காத, இறகில்லாத குஞ்சுக்கு இந்த முறை பொருந்தாது. அதை உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஸுபஹுக்குப் பின் ஒரு வேளை, பகல் ஒரு வேளை, நோன்பு திறக்க அரை மணித்தியாலம் முன் ஒரு வேளை. பகல் வேளைக்காகப் பாடசாலைக்கும் பெட்டியோடுதான் போனேன். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன். புறா எச்சத்தில் மனிதனுக்குத் தொற்றும் கிருமிகள் இருக்கலாம். வீட்டில் புறா, கோழி வளர்ப்பவர்கள் காட்டுக் குஞ்சை அவற்றோடு சேர்க்கவே கூடாது. நோய் இரு பக்கமும் பரவும்.

அறுக்கவும் இல்லை, வளர்க்கவும் இல்லை

ஒரு நாள் தராவீஹ் முடிந்து வெளியே வந்தபோது பெரியவர் ஒருவர், "மௌத்தாப் போறத்துக்கு முந்தி பிஸ்மி சொல்லி அறுத்திடுங்க மாஸ்டர். புறா ஹலால்தானே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னார். புறா ஹலால் என்பதில் மறுப்பில்லை. ஆனால் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இது பாதுகாக்கப்பட்ட பறவை. கொல்வதும் குற்றம், கூண்டில் வைத்து வளர்ப்பதும் குற்றம். இப்படிக் காயம்பட்ட காட்டு உயிர் கைக்கு வந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். நானும் முதல் நாளே அறிவித்தேன்.

அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்வது இலகுவாக இருந்தது. கொண்டுவந்த மாணவனுக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. பாடசாலை விடுமுறையிலும் தினமும் வீட்டுக்கு வந்தான். ஒரு பெயர் வைக்கலாமா என்று கேட்டான். "லயத்துல கூடு செஞ்சி வளர்க்கிறேன் சேர், நல்லாப் பாத்துக்குவேன்" என்றான். நல்லாகத்தான் பார்த்திருப்பான். ஆனால் மனிதக் கைக்குப் பழகிய புறா காட்டில் மனிதனைக் கண்டு ஒதுங்காது. ஒதுங்காத பறவை அதிக நாள் வாழாது. "இது நமக்குத் தந்த சொத்து இல்ல, கொஞ்ச நாளைக்கு ஒப்படைச்ச அமானிதம். அமானிதம்னா உரியவங்ககிட்ட திருப்பிக் கொடுக்கணும்" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வரும்போது ஒரு பையில் காட்டுப் பழம் கொண்டுவந்தான். மரப்புறாக்கள் எந்த மரத்தில் வந்து தின்கின்றன என்று பார்த்து, அந்த மரத்தின் கீழேயே பொறுக்கியிருக்கிறான்.

அதுதான் குஞ்சுக்குத் தேவையாக இருந்தது. இரண்டாம் வாரத்திலிருந்து ஊட்டுவதைக் குறைத்து, தட்டில் பழத்தையும் பட்டாணியையும் பரப்பி விரலால் தட்டிக் காட்டினோம். தானே கொத்தப் பழகியது. காயம் ஆறியதும் ஒரு வெறும் அறையில் விட்டோம். இரண்டு இறக்கையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, அறையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் விழாமல் பறக்கிறதா, நாம் ஊட்டாமலே வயிறு நிறைகிறதா என்று பார்த்தோம். இந்த மூன்றும் சரியாகும் வரை விடக்கூடாது.

பெருநாள் கழிந்த சனிக்கிழமை, மழையில்லாத காலை. அவன் பழம் பொறுக்கிய அந்த மரத்தடியில் பெட்டியைத் திறந்தோம். சற்று நேரம் விளிம்பில் இருந்தது. பிறகு பக்கத்துக் கிளைக்குத் தாவி, அங்கிருந்து காட்டுக்குள் போய்விட்டது.

"திரும்பி வருமா சேர்?"

"வராம இருந்தாத்தான் நல்லம்."

அவன் அழுதான். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அது பிழைத்திருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியாது.

மலையகத்தில் மரப்புறாக்கள் அதிகமாகக் கூடு கட்டுவது பெப்ரவரியிலிருந்து மே வரை. மணிப்புறாக்கள் தேயிலைச் செடியிலும் வீட்டு வேலியிலும்கூடக் கூடு கட்டும். உங்கள் பிள்ளையோ மாணவனோ ஒரு நாள் சட்டைக்குள் குஞ்சோடு வரலாம். அழுக்கு என்று ஏசாதீர்கள். உடனே பாலைத் தேடி ஓடவும் வேண்டாம். எங்கே கிடந்தது என்று முதலில் கேளுங்கள். காயமில்லையென்றால் அங்கேயே கொண்டுபோய் வையுங்கள். காயமிருந்தால் ஒரு சப்பாத்துப் பெட்டியும் சுடுநீர்ப் போத்தலும் தேடுங்கள்.