பொறி எண்ணெய்க் கசிவு

பொறி எண்ணெய்க் கசிவு அல்லது எஞ்சின் ஆயில் கசிவு என்பது தானுந்தின் உள் எரி பொறியில் உள்ள மசகு எண்ணெய், பொறியின் இணைப்புகள் வழியாக வெளியேறுவதைக் குறிக்கும். ஓரிலட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பழைய வண்டிகளில் இது பரவலாகக் காணப்படுகின்றது. எல்லாக் கசிவும் உடனே பழுதுபார்க்க வேண்டியது அன்று. ஆனால் எண்ணெய் எவ்வளவு குறைகின்றது, எதன் மீது விழுகின்றது என்ற இரண்டையும் அறியாமல் விட்டுவிட்டால் பொறியையே இழக்க நேரிடலாம்.

கசிவைத் தடுக்கும் அமைப்புகள்

பொறி ஒரே வார்ப்பாகச் செய்யப்படுவதில்லை. பல பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தப்பட்டு மரையாணிகளால் முடுக்கப்படுகின்றன. அசையாத இரு பரப்புகளுக்கு இடையே வைக்கப்படும் மெல்லிய அடைப்பு கேஸ்கெட் எனப்படும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இதனைப் பேக்கிங் என்பர். கிராங்க் தண்டு, கேம் தண்டு போன்ற சுழலும் தண்டுகள் வெளியே வரும் இடங்களில் ஆயில் சீல் என்னும் இரப்பர் வளையம் அமைந்திருக்கும். இவ்வளையத்தின் கூரிய உதடு, ஒரு மெல்லிய சுருள்வில்லின் துணையுடன் தண்டைத் தழுவி நிற்கின்றது. உதட்டுக்கும் தண்டுக்கும் இடையே மிக நுண்ணிய எண்ணெய்ப் படலம் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிடில் உதடு உராய்ந்து கருகிவிடும்.

காரணங்கள்

முதன்மையான காரணம் வெப்பம். ஓடும் பொறியில் எண்ணெயின் வெப்பநிலை பொதுவாக 90 முதல் 110 பாகை செல்சியசு வரை இருக்கும். ஆண்டுக்கணக்கில் இச்சூட்டில் கிடக்கும் இரப்பர், ஆக்சிசனேற்றத்தாலும் தன்னுள் இருந்த நெகிழ்வூட்டிகளை இழப்பதாலும் கடினமாகின்றது. அழுத்தத்தில் இருந்தபடியே இறுகிவிட்ட கேஸ்கெட், பரப்புகள் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போது அவற்றைப் பின்தொடர்ந்து மீள்வதில்லை. பழைய பொறி குளிர்ந்த நிலையில் கசிவதும் சூடானபின் கசிவு குறைவதும் இதனால்தான். நைட்ரைல் இரப்பரை விட ஃபுளோரோ இரப்பர் மிகுந்த வெப்பத்தைத் தாங்கும். தண்டுகளின் சீல்களுக்கு இது விலை கூடுதலானாலும் ஏற்றது.

இரண்டாவது காரணம் பலராலும் கவனிக்கப்படாதது. உந்துதண்டின் வளையங்கள் தேயும்போது எரிவளிமத்தின் ஒரு பகுதி அவற்றைத் தாண்டி, பொறியின் அடிப்பகுதிக்குள் இறங்குகின்றது. இதனை வெளியேற்றவே பிரீதர் குழாயும், அதனுடன் பெட்ரோல் பொறிகளில் பிசிவி என்னும் ஓரதரும் உள்ளன. இவை கசடால் அடைபட்டால் பொறியின் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல நிலையில் உள்ள சீலையும் தாண்டி எண்ணெயை வெளியே தள்ளும். இந்நிலையில் சீலை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் புதிய சீலும் கசியத் தொடங்கும்.

வடிவமைப்பே காரணமாவதும் உண்டு. 2014ஆம் ஆண்டு வரை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர் தானுந்தில் நெடுங்காலம் பயன்பட்ட 1489 கன சென்ட்டிமீட்டர் பெட்ரோல் பொறி, பிரித்தானியாவின் பிஎம்சி பி-வரிசையைச் சேர்ந்தது. இவ்வரிசையின் தொடக்ககாலப் பொறிகளில் கிராங்க் தண்டின் பின்முனையில் இரப்பர் சீல் கிடையாது. தண்டின் மீது வெட்டப்பட்ட திருகுப் பள்ளம் ஒன்று, சுழலும்போது எண்ணெயை உள்நோக்கித் திருப்பி அனுப்பும். சுழற்சி நின்றதும் அப்பள்ளத்துக்கு வேலை இல்லை. எனவே இத்தகைய பொறி நிறுத்திய இடத்தில் சில சொட்டுகள் விடுவதை நோய் என்பதை விட இயல்பு எனலாம்.

ஊற்றைக் கண்டறிதல்

தரையில் காணப்படும் கறை, கசிவின் இடத்தைக் காட்டுவதில்லை. எண்ணெய் கீழ்நோக்கி வழியும். ஓட்டத்தின்போது காற்று அதனைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே நனைந்த பகுதிகளுள் மிக உயரத்திலும் மிக முன்னாலும் உள்ளதே ஊற்றாக இருக்க வாய்ப்பு மிகுதி.

முதலில் அது பொறி எண்ணெய்தானா என்று பார்க்க வேண்டும். வெள்ளைத் தாளை அடியில் விரித்து வைத்தால் நிறம் தெரியும். பொறி எண்ணெய் பழுப்பு அல்லது கறுப்பாக இருக்கும். தானியங்கிப் பல்லிணைப் பெட்டியின் நீர்மம் பெரும்பாலும் சிவப்பு. கையியக்கப் பல்லிணைப் பெட்டியின் எண்ணெயில் கந்தக வாடை வீசும். நிறமும் மணமும் அற்றது குளிர்பதனக் கருவியின் வெறும் நீர்.

அடுத்து, குளிர்ந்த பொறியின் வெளிப்புறத்தை எண்ணெய் நீக்கியால் கழுவி உலர்த்த வேண்டும். பத்தாண்டு அழுக்கின் மீது புதிய கசிவைத் தேடுவது வீண் வேலை. கழுவிய பின் ஐயத்திற்குரிய இணைப்புகளில் முகப்பூச்சு மாவைத் தூவிச் சிறிது தொலைவு ஓட்டினால், எண்ணெய் ஊறும் இடத்தில் மாவு கறுத்துவிடும். எண்ணெயில் ஒளிர்சாயம் கலந்து புறஊதா விளக்கால் பார்ப்பது இதைவிடத் துல்லியமானது.

மேலே உள்ள டேப்பட் கவரின் பேக்கிங் கசிந்து, எண்ணெய் பொறியின் பின்புறமாக வழிந்து பெல் ஹவுசிங் அடியில் சொட்டுவது வழக்கமான ஏமாற்று. இது கிராங்க் தண்டின் பின் சீல் கசிவைப் போலவே தோன்றும். முன்னதை மாற்றப் பெரும்பாலான வண்டிகளில் ஒரு மணி நேரம் போதும். பின்னதற்குப் பல்லிணைப் பெட்டியையே இறக்க வேண்டும். கழுவிப் பார்க்காமல் பெட்டியை இறக்கச் சொல்லும் முடிவு உரிமையாளருக்குப் பெருஞ்செலவாகும்.

எண்ணெய் அழுத்த உணரி, வடிகட்டி ஆகியவற்றின் கசிவு வேறு வகை. இவை அழுத்தமுள்ள பாதையில் இருப்பதால் பொறி ஓடும்போது மட்டுமே எண்ணெயைப் பீய்ச்சும். வீட்டு வாசலில் ஒரு சொட்டும் இல்லாமலே எண்ணெய் விரைந்து குறையும். வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனால் புகை நீலநிறமாக வருகின்றது என்றால் அது கசிவன்று. எண்ணெய் உருளைக்குள் எரிகின்றது.

அளவும் ஆபத்தும்

ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு ஒன்று வீதம் பத்து மணி நேரம் சொட்டினால் 600 சொட்டுகள், அதாவது 30 மில்லிலிட்டர். ஒரு மாத இரவுகளில் இது 900 மில்லிலிட்டர் ஆகும். பல தானுந்துகளில் அளவுகோலின் மேல் குறிக்கும் கீழ்க் குறிக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒரு லிட்டரே. எனவே கசியும் வண்டியில் வாரம் ஒருமுறையாவது அளவுகோலைப் பார்ப்பது தேவை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பொறியை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, கோலைத் துடைத்து மீண்டும் செருகிப் பார்க்க வேண்டும்.

முகப்பிலுள்ள சிவப்பு எண்ணெய் விளக்கை நம்பியிருப்பது தவறு. அது எண்ணெயின் அளவையன்று, அழுத்தத்தைக் காட்டுவது. ஓட்டத்தில் அது எரியும்போது எக்கி எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை இழுக்கத் தொடங்கியிருக்கக் கூடும். தாங்கிகள் வறண்டு பிடித்துக்கொள்ள நெடுநேரம் ஆகாது. பொறியை உடனே நிறுத்துவதே வழி.

அளவு சிறிதாயினும் விழும் இடம் ஆபத்தானதாக இருக்கலாம். எக்சாஸ்ட் குழாயின் சூடான தொடக்கப் பகுதியில் சொட்டும் எண்ணெய் முதலில் கருகல் வாடை தரும், மிகுந்தால் தீப்பிடிக்கும். இரப்பர் டைமிங் பெல்ட் எண்ணெயில் ஊறினால் பற்கள் உரிந்து அறுந்துபோகலாம். பல பொறிகளில் இதனால் ஓரதர்கள் உந்துதண்டில் மோதி வளைகின்றன. கிளட்ச் தட்டில் எண்ணெய் பட்டால் தட்டு வழுக்கும். இம்மூன்றையும் தள்ளிப்போடலாகாது.

செப்பனிடல்

பிரீதர் குழாயையும் பிசிவி ஓரதரையும் சோதித்துத் துப்புரவாக்குவதே முதல் வேலை. செலவும் மிகக் குறைவு. பேக்கிங் மாற்றும்போது பழைய பசையை முற்றாகச் சுரண்ட வேண்டும். கசிவை நிறுத்துவதாக எண்ணி மரையாணிகளை மிகையாக முடுக்கினால் தகட்டாலான டேப்பட் கவர் வளைந்து கசிவு கூடும். சிலிக்கோன் பசையை அள்ளிப் பூசுவதும் தீங்கே: உட்புறம் பிதுங்கிய பசை துண்டுகளாக உதிர்ந்து, சேம்பரில் உள்ள உறிஞ்சு வலையை அடைத்துவிடும். சீல் தேய்த்த தண்டில் பள்ளம் விழுந்திருந்தால் புதிய சீலைச் சற்றே இடம் மாற்றிப் பொருத்துவர், அல்லது தண்டின் மீது மெல்லிய எஃகு உறை ஏற்றுவர்.

கசிவை நிறுத்தும் என விற்கப்படும் சேர்பொருட்கள் இரப்பரைச் சற்று உப்பி மென்மையாக்குகின்றன. நீண்ட ஓட்டம் கண்ட வண்டிகளுக்கான எண்ணெய்களிலும் இத்தகைய பொருட்கள் உண்டு. இறுகிய சீலின் சிறு ஊறலை இவை குறைக்கக்கூடும். கிழிந்த சீலையோ உடைந்த கேஸ்கெட்டையோ இவற்றால் ஒன்றும் செய்ய இயலாது. தடித்த எண்ணெய்க்கு மாறுவதும் ஓரளவே பயன்படும். ஓரதர்களின் நேரத்தை எண்ணெய் அழுத்தத்தால் மாற்றும் புதிய பொறிகளில் அது கேடு விளைவிக்கலாம். பின் சீல் மட்டும் மெதுவாகக் கசியும் முதிய வண்டியில், கிளட்ச் மாற்றும் காலம் வரும்வரை எண்ணெய் ஊற்றியே ஓட்டுவதும் ஏற்கத்தக்க முடிவே. கிளட்சுக்காகப் பல்லிணைப் பெட்டி இறங்கும்போது, சீலின் விலையைத் தவிரக் கூலி பெரிதாகக் கூடாது.