தேயிலையும் மசகெண்ணெயும்: இடைநிற்கும் வணிக மூலதனம் பற்றிய ஒரு நோக்கு

2021ஆம் ஆண்டு டிசெம்பரில் இலங்கையும் ஈரானும் ஓர் உடன்படிக்கையைச் செய்துகொண்டன. முன்னர் வாங்கிய மசகெண்ணெய்க்கு இலங்கை செலுத்தவேண்டியிருந்த 25 கோடியே 10 இலட்சம் டொலரை, மாதந்தோறும் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்பித் தீர்ப்பதே அதன் சாரம். நுவரெலியாவிலும் ஹற்றனிலும் பறிக்கப்படும் கொழுந்து உலக எண்ணெய் வணிகத்துடன் பிணைந்துள்ளமையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. எனினும் இது ஒரு விதிவிலக்கே. வழக்கமாக எண்ணெய்க் கிணற்றுக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் இடையில் நிற்பவர் யார் என்பதே இங்கு ஆராயப்படவேண்டியதாகும்.

ஒரு காலத்தில் அவ்விடைவெளி பெரிதாக இருக்கவில்லை. அகழ்தல், கப்பலேற்றல், சுத்திகரித்தல், விற்றல் அனைத்தையும் ‘ஏழு சகோதரிகள்’ எனப்பட்ட பெருங்கம்பனிகளே தம் கையில் வைத்திருந்தன. 1970களில் உற்பத்தி நாடுகள் கிணறுகளைத் தேசியமயமாக்கியதும் இச்சங்கிலி அறுந்தது. அறுந்த இடத்திற் புகுந்தவை சுயாதீன வணிக நிறுவனங்கள். 1966இல் றொற்றர்டாமில் தோன்றிய விற்றோல், 1974இல் மார்க் றிச் தொடங்கிய நிறுவனம், அதிலிருந்து பிரிந்தவர்கள் 1993இல் அமைத்த ட்ரஃபிகுரா ஆகியன இவ்வகையின.

இந்நிறுவனங்களின் பலம் கிணற்றுடைமையில் இல்லை. கடனிலும் தகவலிலுமே உள்ளது. வங்கிக் கடனைக் கொண்டு சரக்கை வாங்கி, கப்பலை வாடகைக்கு அமர்த்தி, எந்த நிலையத்துக்கு எவ்வகை எண்ணெய் பொருந்தும் என்பதை அறிந்து விற்கின்றன. மசகெண்ணெய் யாவும் ஒரே தன்மையினதன்று. 1969இல் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்தை நிலையம் ஈரானின் இலேசான எண்ணெய்க்கென வடிவமைக்கப்பட்டது. ஆகவே ஈரான் மீதான தடைகள் அதனை நேரடியாகத் தாக்கின. விலை வீழ்ச்சியால் நேரக்கூடிய நட்டத்தை, சரக்கை வாங்கும்போதே முன்பேரச் சந்தையில் விற்றுவைப்பதன் மூலம் வணிகர் தவிர்த்துக்கொள்வர். விலை ஏறினாலென்ன, இறங்கினாலென்ன. அவர்கள் நாடுவது இடைவேறுபாட்டையே. 90,000 தொன் என்பது ஏறத்தாழ ஆறரை இலட்சம் பீப்பாய். பீப்பாய்க்கு ஒரு டொலர் மிஞ்சினாலும் ஒரே பயணத்தில் ஆறரை இலட்சம் டொலர் சேரும்.

இத்தொகை தற்செயலானதன்று. 2022 மார்ச்சில் மூடப்பட்ட சப்புகஸ்கந்தைக்கு மே மாதத்தில் வந்துசேர்ந்த ரஷ்ய எண்ணெயின் அளவு அதுவே. துபாயைத் தளமாகக் கொண்ட கோரல் எனர்ஜி என்ற வணிக நிறுவனம் அதனை வழங்கியது. 7 கோடி டொலருக்கு மேற்பட்ட விலையைத் திரட்ட இயலாமையால் அக்கப்பல் ஒரு மாதத்துக்கும் மேலாகக் கொழும்புக்கு வெளியே காத்துநின்றது. 1962இல் அந்நியக் கம்பனிகளின் எண்ணெய் விநியோகச் சொத்துக்களைத் தேசியமயமாக்கத் துணிந்து, அதனால் 1963இல் அமெரிக்க உதவியை இழந்த நாடு இது. சொத்து அரசுடைமையாயிற்று, சுற்றோட்டம் ஆகவில்லை.

வணிகர் கடன் வாங்குவோர் மட்டுமல்லர், கொடுப்போருமாவர். உற்பத்தி நாட்டுக்கு முன்பணம் கொடுத்து, எண்ணெயாகவே திருப்பிப் பெறுவர். 2013, 2014ஆம் ஆண்டுகளில் கிளென்கோரிடம் இவ்வாறு கடன்பட்ட சாட் நாடு, எண்ணெய் விலை வீழ்ந்தபோது பெரும் நெருக்கடிக்குள்ளாயிற்று. மலையக வாசகருக்கு இது புதுமையாகத் தோன்றாது. முன்பணத்தால் தொழிலாளரைப் பிணித்து, அக்கடனைத் துண்டில் எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய முறை 1921 வரை இங்கு நிலவியது. கங்காணி தலைக்காசு பெற்றார். எண்ணெய் வணிகர் பீப்பாய்க்காசு பெறுகிறார். ஒப்புமையை மிகைப்படுத்தலாகாது: கங்காணி கையாண்டது உயிருள்ள உழைப்புச் சக்தியை.

இடைநிற்போர் அனைவரும் வெறும் ஒட்டுண்ணிகள் என நம்மவர் சிலர் கூறுவது மார்க்சியமாகாது. இடம்பெயர்த்தல் பெறுமதியைக் கூட்டுகிறது என மார்க்சே ஏற்றுக்கொண்டார். ஆனால் வாங்கி விற்பதனால் மட்டும் கிடைக்கும் இலாபம், உற்பத்தியில் தோன்றிய உபரிப் பெறுமதியிலிருந்து பிரிந்துவரும் பங்கே என்பது ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் அவர் நிறுவியது.

ஈரானுடனான பண்டமாற்று 2023இல் நடைமுறைக்கு வந்தது. டொலரும் எண்ணெய் வணிகரும் அதில் விலக்கப்பட்டனர். தேயிலை வணிகர் விலக்கப்படவில்லை. 1883 முதல் நடைபெறும் கொழும்பு ஏலத்தில், தரகர் வழியாக, ஏற்றுமதியாளரே தேயிலையை வாங்கி அனுப்பினர். அவர்களுக்குரிய விலையைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ரூபாவிற் செலுத்தியது. கொழுந்து பறித்தவருக்கு 2021 மார்ச்சில் வர்த்தமானி வாயிலாக நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,000 ரூபா. உடன்படிக்கையில் அதுபற்றிய பேச்சே எழவில்லை.